நினைவகம் கூட்டியபின் நின்றுபோகும் கணினி: ஒரு பாடம்



நம் சங்க அலுவலகத்துக் கணினி அண்மையில் நமக்குத் தந்த தொல்லையும், அது தீர்ந்த விதமும் உங்கள் வீட்டுக்கும் கடைக்கும் பயன்படக் கூடியவை. ஆதலால் அவற்றை ஒரு பாடமாக எழுதுகிறேன்.

அக்கணினியில் 8 ஜிபி நினைவகப் பட்டை, அதாவது ரேம், ஒன்றே இருந்தது. சந்தாக் கணக்கையும் மாணவர் உதவிநிதிப் பட்டியலையும் ஒருங்கே திறந்தால் ஆமை வேகந்தான். ஆகவே மற்றொரு 8 ஜிபி பட்டை வாங்கிப் பொருத்தினோம். முதல் நாள் வேகத்தைக் கண்டு மகிழ்ந்தோம். மறுநாள் முதல், அரைமணி நேரம் வேலை செய்வதும் நீலத்திரை காட்டி நின்றுவிடுவதுமாக இருந்தது. வைரஸ் என்றார் ஒருவர். விண்டோஸைப் புதிதாக ஏற்றவேண்டும் என்றார் மற்றொருவர். ஏற்றினோம், பாதியிலேயே நின்றது. இதற்கிடையில் உதவிநிதிப் பட்டியல் பழுதடைந்து திறக்க மறுத்தது. பிள்ளைகளுக்குத் தொகை வழங்கும் நாளோ நெருங்கிவிட்டது.

அப்போது பாலிடெக்னிக்கில் பயிலும் அங்கத்தினர் மகள் ஒருத்தி வந்தாள். "மாமா, இது நிற்கத் தொடங்குமுன் கடைசியாக எதை மாற்றினீர்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை எங்களில் எவரும் கேட்டிருக்கவில்லை! புதிய பட்டையைக் கழற்றினாள். அன்று மாலை வரை கணினி ஒருமுறையேனும் நிற்கவில்லை.

காரணம் யாது?

நினைவகத்தில் ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் நுண்ணிய மின்னூட்டமாக இருக்கிறது. அம்மின்னூட்டம் கசியும் தன்மையுடையது. ஆகவே ஏறக்குறைய 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கிறார்கள். 8 ஜிபி பட்டையில் இத்தகைய அறைகள் சுமார் 6,870 கோடி. அவற்றுள் சில பழுதானாலும் போதும், கணினி நின்றுவிடலாம். வேலை குறைவாக இருக்கும்போது பழுதான அறைக்கு முறை வராது. வேலை பெருகி அந்த அறைவரை எட்டும்போதுதான் தொல்லை. அரைமணிக்குப் பின் நின்றதன் இரகசியம் இதுவே.

நில்லாமல் ஓடிக்கொண்டே தவறு செய்வது இதனினும் கேடு. 2003 மே 18-இல் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்னும் ஊரின் வாக்குக் கணினி ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகளை அதிகமாகக் காட்டியது. பெறக்கூடிய அளவையும் மிஞ்சிய எண்ணிக்கையாதலால் குட்டு வெளிப்பட்டது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கி வரும் தொகை. அதாவது நினைவகத்தில் ஒரே ஒரு துணுக்கு சுழியத்திலிருந்து ஒன்றாக மாறினால் கூடும் தொகை. பெரிய சர்வர்களில் இத்தகைய பிழையைத் திருத்தும் நினைவகம் உண்டு. வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது: நின்று நின்று ஓடும் கணினியில் கணக்கு எழுதுவதை நிறுத்துங்கள், விண்டோஸையும் புதிதாக ஏற்றாதீர்கள். பழுதான நினைவகத்தின் வழியே எழுதப்படுவதும் பழுதாகலாம்.

இரண்டாவது: கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தைப் போக்கிக்கொண்டு, புதிய பட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால் மின்வழங்கி, சூடு, வட்டு ஆகியவற்றை ஆராயுங்கள்.

மூன்றாவது: இனம் பொருந்துகிறதா என்று பாருங்கள். டிடிஆர்3 பட்டைக்கு 240 தொடுமுனைகள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. ஆயினும் முன்னதற்கு 1.2 வோல்ட், பின்னதற்கு 1.1 வோல்ட், வெட்டின் இடமும் வேறு. பொருந்தாததை அழுத்தித் திணிக்கலாகாது. பொருந்துவதோ, பிடிப்பான் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுந்தவேண்டும். தொடுமுனையில் அழுக்கிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மென்துணியால் துடைக்கலாம். ரப்பரால் தேய்த்தால் பொன்முலாம் போய்விடக்கூடும்.

நான்காவது: மெம்டெஸ்ட்86 அல்லது விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் கொண்டு, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே, இரவு முழுவதும் சோதியுங்கள். பிழை ஒன்று தோன்றினாலும் அது தேர்ச்சியன்று. எந்த ஸ்லாட்டில் செருகினாலும் ஒரே பட்டை பிழை காட்டினால் குற்றம் பட்டையினுடையது. எந்தப் பட்டையைச் செருகினாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் குற்றம் அந்த ஸ்லாட்டினுடையது. தனித்தனியே தேறி, சேர்த்தால் மட்டும் தவறினால், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்க. பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் வேகக்கூட்டலை நிறுத்தி மறுபடி சோதியுங்கள். அதுவும் பயன் தராவிடில், ஜோடியாக விற்கப்படும் பட்டைகளை வாங்குவதே நலம்.

நம் புதிய பட்டை இரண்டு ஸ்லாட்டுகளிலும் தவறியது. ரசீது இருந்தமையால் வாங்கிய கடையில் மாற்றித் தந்தார்கள். பழுதான பட்டியலை, காகித விண்ணப்பங்களை வைத்து இரண்டு இரவுகள் உட்கார்ந்து மீண்டும் எழுதினோம். குறித்த நாளில் தொகை பிள்ளைகளின் கையில் சேர்ந்தது. அக்காகிதங்களை 'இனி எதற்கு?' என்று கழித்திருந்தால் என்னவாகியிருக்கும்?

ஜாலான் புசாரில் உள்ள நமக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. தெரு முகப்பிலேயே சிம் லிம் டவர். அருகில் சிம் லிம் ஸ்குவேர். 2017 ஜூலை 10-இல் மூடப்படும்வரை சுங்கை ரோட்டுச் சந்தையும் இருந்தது. ஆனால் முறையாக ஆராயும் பொறுமை எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. ஆகவே, எதையும் மாற்றுமுன் கணக்கின் பிரதியொன்றை வேறிடத்தில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள்; மாற்றியதைத் தேதியுடன் குறித்து வையுங்கள். கோளாறு வந்தால், கடைசியாக மாற்றியதிலிருந்து விசாரணையைத் தொடங்குங்கள்.