ஆதனக்கோட்டை முந்திரியும் வியட்நாம் இயந்திரமும்

கேள்வி: உலகமயமாக்கல் நம் ஊர் வேலையைப் பறிக்கிறதா, தருகிறதா?
– வாசகர், கறம்பக்குடி

பதில்: இரண்டும் நடக்கிறது. ஆனால் பறிபோவது ஒருவருக்கு, கிடைப்பது வேறொருவருக்கு. சிக்கலே அதுதான்.

முந்திரியையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் கொல்லத்து ஆலைகள் பல ஆண்டுகளாக ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வாங்கி, உடைத்து, பருப்பை ஏற்றுமதி செய்தன. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வியட்நாம் அதே கொட்டையை இயந்திரத்தில் உடைக்கத் தொடங்கி, 2006 வாக்கில் ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. கொல்லத்தில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. 2018 பட்ஜெட்டில் கொட்டைக்கான இறக்குமதி வரியை 2.5 சதவீதமாகக் குறைத்தும் பழைய நிலை திரும்பவில்லை.

உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஆதனக்கோட்டையில் கதை வேறு. தஞ்சாவூர் சாலையோரம் பெண்கள் கொட்டையை வறுத்து, ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து, அங்கேயே விற்கிறார்கள். ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். வாங்குகிறவர் எதிரே நிற்பதால் ஏற்றுமதிச் சந்தையின் அடி இவர்கள் மேல் நேராக விழுவதில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் முந்திரி மரங்களைச் சாய்த்தபோது தாங்கிப்பிடிக்கப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்ற எதுவும் இல்லை.

அவை உள்ள ஆலை வேலையும் நிலையானதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தார்கள்.

அதனால் முதலீட்டை வரவேற்கும்போதே, ஆலை மூடினால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். ஆதனக்கோட்டைப் பெண்களுக்குப் பாதுகாப்பான உடைப்புக் கருவியும் கையுறையும் மானியத்தில் கிடைக்க வேண்டும்.