வீட்டுக் கணினிக்கு நிலையான முகவரி: புதியவர்களுக்கு எட்டு அறிவுரைகள்

ஸ்ரீராம்புரத்துச் சந்துகளில் மேல்வீடு, கீழ்வீடு, பின்வீடு என்று ஒரே வைஃபையில் பல குடித்தனங்கள் ஓடுவதுண்டு. முன்னறையில் பிரிண்டர் போட்டுப் பிழைக்கும் பிள்ளைகளுக்கு, கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் அகப்படாமல் போகும். ரவுட்டர் பழைய பங்கீட்டை மறந்து முகவரிகளைப் புதிதாகக் கொடுத்திருக்கும். அதற்குத் தீர்வு நிலையான ஐபி முகவரி.

1. எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். பிறர் தேடி வரும் கருவிக்கு மட்டும் போதும்: பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர், கோப்புகளைப் பகிரும் கணினி. செல்போனுக்கு வேண்டாம்.

2. இப்போது இருப்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ‘ipconfig /all’ என்ற கட்டளையைத் தட்டினால் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் நான்கும் தெரியும்.

3. ரவுட்டர் 192.168.1.1, மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களைத் தொடாதீர்கள். கடைசி எண் மட்டுமே உங்கள் கையில். அதிலும் 0, 255, ரவுட்டரின் 1 ஆகியவை ஆகாது.

4. ரவுட்டர் தானாகப் பங்கிடும் எல்லையைப் பாருங்கள். ரவுட்டர் அமைப்புகளில், முகவரி பங்கிடுவதற்கான டிஎச்சிபி பக்கத்தில் இருக்கும். அது 100 முதல் 199 வரை என்றால், நீங்கள் 20 எடுங்கள். எல்லைக்குள் கைவைத்தால் மேல்வீட்டுப் பையனின் போனுக்கும் அதே எண் போகலாம். இருவர் இணைப்பும் தடுமாறும்.

5. என் முக்கியமான அறிவுரை இதுதான்: முடிந்தவரை கணினியில் எழுதாமல், ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ செய்யுங்கள். கருவியின் மேக் முகவரியை, அதாவது இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்தெண்களை, அங்கே பதிந்தால் அதற்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும். பங்கிடுபவர் ஒருவராக இருந்தால் மோதல் வராது. லேப்டாப்பை வேறிடம் கொண்டுபோனாலும் சிக்கல் இல்லை. கேபிளுக்கும் வைஃபைக்கும் மேக் முகவரி வேறு என்பதை மறக்காதீர்கள்.

6. கணினியிலேயே எழுத நேர்ந்தால் நான்கையும் சரியாக நிரப்புங்கள். கேட்வே தப்பினால் வீட்டுப் பிரிண்டர் ஓடும், இணையம் வராது. டிஎன்எஸ் தப்பினால் இணைப்பு இருந்தும் தளங்களின் பெயர் திறக்காது. தானாக முகவரி வாங்கும் கணினி 169.254 என்று தொடங்கும் எண்ணைக் காட்டினால், ரவுட்டரிடமிருந்து அதற்கு ஒன்றும் வரவில்லை என்று பொருள், கேபிளைப் பாருங்கள்.

7. இந்த எண் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என மூன்று தொகுதிகளை உள்வேலைக்கென்றே ஒதுக்கிய ஆவணம் 1996 பிப்ரவரியில் வந்தது. உலகுக்கான பழைய வகை முகவரிகள் சுமார் 430 கோடிதான்; அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதனால் இணைப்பு தருபவர்கள் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பகிர்வதுண்டு. ரவுட்டரின் வெளிப்பக்க எண் 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அதுதான் நிலை. நிலையான வெளி முகவரி வேண்டுமென்றால் அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். அது கிடைத்தாலும், பழைய கடவுச்சொல்லோடு சிசிடிவியை வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள்.

8. ரவுட்டர் வீட்டுக்காரருடையது என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். எந்தக் கருவிக்கு எந்த எண் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். ரவுட்டரை மாற்றும் நாளில் நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் தொழில் நிற்காது.