சூரிய விளக்குக்கு மரத் தாங்கி

இரவில் மடை திறக்கச் செல்லும் கமக்காரருக்குப் பாம்பைக் காட்டித் தருவது விளக்கே. சூரிய விளக்கைக் கம்பத்திற் பொருத்த, லேசர்க் கதிரால் வெட்டிய ஒட்டுப்பலகைத் தாங்கி ஏற்றது. ஆயின் மாரியில் அது வெட்டுமுனையிலிருந்தே உக்கத் தொடங்கும். பலகை நீரை உறிஞ்சுவது அம்முனை வழியாகவே. கதிர் கருக்கிய விளிம்பிலோ பூச்சு நன்கு பிடிப்பதில்லை. ஆகவே கருகலைத் தேய்த்தகற்றி, முனைகளுக்கு இருமுறை பூச்சிடுதல் வேண்டும். வீட்டுத் தளபாடப் பலகை உதவாது. நீரில் இளகாத பசையால் ஒட்டியதே வேண்டும்.

வரைபடத்தில் மேல்விளிம்பைச் சரிவாக்கி, பொருத்துக்குழியின் அடியில் நீர் வடியத் துளை விடுக. உள்மூலைகளை வளைத்து வரைக; வெடிப்புத் தோன்றுவது கூர்மூலையிலேதான். கதிர் தன் வழியில் சிறிது மரத்தை எரித்துவிடுமாதலால், முதலில் ஒரு துண்டை வெட்டிப் பொருத்திப் பார்த்தல் நன்று. இலங்கையில் தகடு தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகை சரிந்திருத்தல் போதும். மட்டமாக வைத்தால் தூசி படியும்.