லம்பர்ஜாக் யார்?

அன்புள்ள கயல்,

உன் ஆங்கிலக் கட்டுரையை வாசித்தேன். மின்கம்பி மேல் சாய்ந்த புங்கமரத்தை அறுக்க வந்தவர்களை 'லம்பர்ஜாக்' என்று எழுதியிருக்கிறாய். அகராதியில் 'மரம் வெட்டுபவர்' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குச் சொந்த ஊரும் காலமும் உண்டு.

ஊர், வட அமெரிக்கா. காலம், 19ஆம் நூற்றாண்டும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியும். 'லம்பர்' என்றால் அங்கே அறுத்த மரம். இங்கிலாந்திலோ அது பரணில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்; அறுத்த மரத்தை அவர்கள் 'டிம்பர்' என்பார்கள். 'ஜாக்' நம் குப்பன், சுப்பன் மாதிரி, யாரோ ஒரு ஆள்.

மேய்ன், மிச்சிகன், கனடாவின் ஆட்டவா ஆற்றுப் பக்கமெல்லாம் குளிர்காலத்தில் இவர்கள் காட்டு முகாமில் தங்கி, கோடாலியாலும் இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் நீள ரம்பத்தாலும் மரம் சாய்ப்பார்கள். பனி உருகி ஆறு பெருகும்போது கட்டைகளை வெள்ளத்தில் விடுவார்கள். வளைவில் ஒரு கட்டை குறுக்கே மாட்டினால் போதும், பின்னால் வருவதெல்லாம் ஏறிக் குவிந்துவிடும். அடியில் முள்ளாணி வைத்த பூட்ஸோடு அந்தக் குவியல் மேல் நடந்து, எந்தக் கட்டை அடைத்திருக்கிறது என்று பார்த்து நெம்ப வேண்டும். அது நழுவிய நொடியே மொத்தக் குவியலும் காலடியில் ஓடத் தொடங்கும். கரைக்குத் தாவத் தவறிச் செத்தவர்கள் பலர். பேச்சுவார்த்தை முட்டி நின்றால் இன்று செய்தித்தாள்கள் எழுதும் 'லாக்ஜாம்' இங்கிருந்து வந்ததுதான்.

செயின்சா வந்தபின் லம்பர்ஜாக் கதைக்கும் கட்டம்போட்ட சட்டைக்கும் போய்விட்டார். பால் பன்யன் என்ற ராட்சதனும் அவனுடைய நீல எருதும் வரும் கதைகளைத் தேடிப் படி, புளுகு என்றால் அப்படியொரு புளுகு! இன்று அந்தக் காடுகளில் வேலை செய்பவர் 'லாகர்'. மரத்தைச் சாய்ப்பவர் 'ஃபெல்லர்', அமெரிக்க மேற்குக் கரையில் 'ஃபாலர்'. சாய்த்ததைத் துண்டு போடுபவர் 'பக்கர்'.

உங்கள் தெருவுக்கு இவை எதுவும் வேண்டாம், 'ட்ரீ கட்டர்ஸ்' போதும். இன்னொன்று: 'விழுந்தது' என்றால் 'ஃபெல்', 'வீழ்த்தினார்கள்' என்றால் 'ஃபெல்ட்'. இரண்டாம் பத்தியில் 'காலையிலிருந்து தொழிலாளர்கள் ஃபெல்' என்று எழுதியிருக்கிறாய். மரம் அப்படியே நிற்கிறது, பாவம், அவர்கள்தான் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். திருத்திவிட்டு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா