அளவளாவல்

மக்களுக்கு வாய்த்த இன்பங்களுள் பொருட்செலவின்றிக் கிடைப்பது நண்பரோடு உரையாடும் இன்பம். நெடுநாள் பிரிந்திருந்த இருவர் எதிர்ப்படுவாராயின், முதலில் கேட்பது உடல்நலம். அடுத்துக் கேட்பது தொழில். பின்னர் வீடு, மக்கள், வந்த வழி, போகும் ஊர் என்று பேச்சு விரிந்துகொண்டே செல்லும். இவற்றுள் பெரிய செய்தி என்று சொல்லத்தக்கது ஒன்றும் இராது. இன்று வண்டி பிந்தி வந்தது. அலுவலகத்தில் மேலாளர் மாறினார். பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தது. இத்தகையனவே பேச்சு முழுதும். ஆயினும், நம்முடைய இச்சிறு செய்திகளை அறியாத ஒருவரை நண்பர் என்று சொல்ல நம் நாவு எழுவதில்லை.

இவ்வுரையாடலுக்குத் தமிழில் அளவளாவல் என்பது பெயர். திருவள்ளுவர் நட்பின் இயல்பை ஐந்து அதிகாரங்களில் ஆராய்ந்தவர். எனினும், இச்சொல்லை அவர் ஆண்டது அவ்வைந்தனுள் அன்று. சுற்றந்தழால் என்னும் அதிகாரத்தில் ஆகும். அளவளாவுதல் இல்லாதவன் வாழ்க்கையைக் கரையில்லாத குளத்தில் நீர் நிறைவதற்கு அவர் ஒப்பிட்டார். நீர் எவ்வளவு வந்தால் என்ன? கரை இல்லையேல் அது நில்லாது ஓடிவிடும். உரையாசிரியர் பரிமேலழகர் அச்சொல்லுக்கு நெஞ்சு கலத்தல் என்று பொருள் கொண்டார். தன் நிலையைச் சொல்லிப் பிறர் நிலையையும் கேட்டறிவதனால் அக்கலப்பு உண்டாகும் என்பது அவர் கருத்து. ஆகவே அளவளாவலுக்குச் சொல்லுதல், கேட்டல் என இரண்டு பாதிகள் உண்டு. நம்மிற் பலர் முதற்பாதியோடு நின்றுவிடுகிறோம். தாம் பெற்ற பதவி உயர்வையும் தாம் கண்டுவந்த ஊர்களையும் ஒரு நாழிகை எடுத்துரைத்துவிட்டு, எதிரே இருப்பவரிடம் "அப்புறம், நீங்கள் எப்படி?" என்று வினவி, விடை வருமுன்பே எழுந்து செல்வாரை யார்தாம் கண்டதில்லை? அவர் நிகழ்த்தியது சொற்பொழிவேயன்றி அளவளாவல் அன்று.

நட்புக்கு இவ்வுரையாடல் இன்றியமையாததா என ஐயுறுவார் பிசிராந்தையாரை எடுத்துக்காட்டலாம். அவர் பாண்டி நாட்டிலுள்ள பிசிர் என்னும் ஊரினர். அவர் நண்பரோ உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழர். இருவரும் நெடுங்காலம் ஒருவரையொருவர் கண்டதில்லை. குமரித்துறையில் இரை அருந்தி இமயம் நோக்கிப் பறக்கும் அன்னச் சேவலை விளித்து, 'இடைவழியில் என் சோழன் கோயிலிற் புகுந்து, ஆந்தையின் அடியேன் என்று சொல். உன் பெடைக்கு அவன் அணிகலன் தருவான்' என்னும் பொருள்படப் பாடினார் அப்புலவர். அந்நாளில் செய்தி செல்லும் வழி அத்துணை அரிது! சோழர் வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்த காலத்தில் பிசிராந்தையார் தாமே புறப்பட்டு வந்தார், தாமும் வடக்கிருந்தார். எனவே, இவ்விருவர்க்கும் இருந்து பேசும் பொழுது வாய்க்கவேயில்லை.

ஆயினும், இவ்வரலாற்றில் பலர் நோக்காது விடும் ஒன்று உண்டு. அங்கிருந்த சான்றோர் பிசிராந்தையாரைக் கண்டு, ஆண்டு பல ஆகியும் அவருக்கு நரை தோன்றாமையின் காரணத்தை வினவினர். அவர் மருந்தையும் கூறவில்லை, நோன்பையும் கூறவில்லை. மனைவி மாண்புடையவள், மக்கள் அறிவு நிரம்பினர், ஏவலர் தம் கருத்தின் வழியே நடப்பவர், அரசன் அல்லவை செய்யான், ஊரில் அடக்கமுடைய சான்றோர் பலர் உளர் என்று தம் அன்றாட வாழ்க்கையையே விடையாகத் தந்தார். வீடும் வேலையும் ஊரும் எவ்வாறு உள்ளன என்று இன்று இரு நண்பர் கேட்டுக்கொள்வதும் இதுவேயன்றோ? அவர் அதனைத் தம் சோழனிடம் ஆர அமர உரைக்கக் காலம் இடந்தரவில்லை என்பதுதான் படிப்பார் நெஞ்சை வருத்துவது.

காணாமலே ஒன்றிய அவ்வுள்ளங்கள் நமக்கு எளிதில் வாய்ப்பன அல்ல. எளியோராகிய நாம் கண்டும் பேசியுமே நட்பை வளர்த்தல் வேண்டும். அதற்கு இடம் வேண்டும். அதனினும் முதன்மையாகப் பொழுது வேண்டும். சிற்றூர்களில் திண்ணையும் குளக்கரையும் ஆலமரத்தடியும் அவ்விரண்டையும் தந்தன. நகரத்து வாழ்க்கையில் வீடு ஓரிடத்தும் வேலை ஓரிடத்துமாக அமைந்தபோது, திண்ணை எங்கே போயிற்று? சென்னை நகரைப் பொறுத்தமட்டில் அது மின்வண்டியில் ஏறிக்கொண்டது என்று கூறுவது மிகையாகாது.

இந்தியாவில் மின்சார இரயில் வண்டி முதலில் ஓடியது பம்பாயில், 1925 ஆம் ஆண்டில். ஆறு ஆண்டுகள் கழித்து, 1931 இல், சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்வண்டிகள் ஓடத் தொடங்கின. அதன் பயனாகத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில் குடியிருந்துகொண்டு, கோட்டையை அடுத்த அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்ப்பது எளிதாயிற்று. மீட்டர் பாதை 2004 ஆம் ஆண்டில் நீங்கி, இப்பொழுது அகலப் பாதையே உள்ளது. தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். செல்லும் நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. போகவும் வரவுமாக நாள்தோறும் இரண்டு மணி நேரம் வாழ்நாளிலிருந்து கழிகிறதே என்று வருந்துவோர் பலர். அவ்வருத்தம் பொய்யன்று. நெரிசலில் ஒரு காலில் நின்று செல்பவனிடம் பயணத்தின் இன்பத்தைப் பேசுவது நகையாடுவதாகும்.

ஆனால், அந்நெரிசலிலும் ஒரு வியப்பு நிகழ்கிறது. பருவச் சீட்டு வாங்கியவர்கள் நாள்தோறும் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில், ஒரே கதவருகே ஏறுகின்றனர். முதல் வாரம் முகம் தெரிகிறது. மறுவாரம் ஒரு புன்முறுவல். பின்பு செய்தித்தாளின் நடுப்பக்கம் கைமாறுகிறது. மூன்று திங்களில் ஒருவர் மகள் தேர்வெழுதும் நாளை மற்றவரும் நினைவில் வைத்துக்கொள்கிறார். மகளிர் பெட்டியிலும் இவ்வாறே. அங்குப் பூவும் தின்பண்டமும் கைமாறுவதனால் நட்பு இன்னும் விரைவில் முதிரும் போலும்.

இத்தகைய நால்வரை எண்ணிப் பார்ப்போம். தாம்பரத்தில் ஏறுபவர் ஒரு பள்ளி ஆசிரியர். குரோம்பேட்டையில் ஏறும் இளைஞர் ஓர் அலுவலக எழுத்தர். பல்லாவரத்தில் ஏறுபவர் புத்தகம் கட்டும் தொழிலாளி. பழவந்தாங்கலில் ஏறுபவர் கடையொன்றில் கணக்கெழுதுபவர். ஒருநாள் எழுத்தர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே ஏறினார். கிரிக்கெட்டைப் பற்றியும் பேசினார். புத்தகம் கட்டுபவர் மட்டும் அவர் கையை நோக்கினார்.

"என்ன தம்பி, சாப்பாட்டுத் தூக்கைக் காணோமே?"

"மறந்துவிட்டேன் அண்ணா."

"நேற்றும் கொண்டுவரவில்லையே. இரண்டு நாளுமா மறந்தாய்?"

இளைஞர் வெளியே பார்த்தார். கிண்டி வந்தது, போயிற்று. சைதாப்பேட்டையும் கடந்த பின்னரே வாய் திறந்தார். அவர் குழந்தை எழும்பூரில் மருத்துவமனையில் கிடந்தது. மனைவி இரவும் பகலும் உடனிருந்தாள். விடுப்பு முழுவதும் தீர்ந்துவிட்டமையால் அவர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

"இதை ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்றார் ஆசிரியர்.

"வண்டியிற் பழகியவர்களிடம் வீட்டுத் துன்பத்தைச் சொல்வதா என்று தயங்கினேன் ஐயா."

யாரும் அவருக்கு அறிவுரை கூறவில்லை. மறுநாள் காலை, புத்தகம் கட்டுபவர் இரண்டு தூக்குகளுடன் ஏறினார். எழும்பூரில் இறங்கி, ஒன்றைக் குழந்தையின் தாயிடம் சேர்ப்பித்துவிட்டு, அடுத்த வண்டியில் தம் பட்டறைக்குச் சென்றார். குழந்தை வீடு திரும்பும்வரை, மூன்று வாரமும் அவ்வாறே செய்தார். கையில் தூக்கு இல்லாமையைக் கண்டு கேட்க, முன்பு நாள்தோறும் அது இருந்ததை அறிந்த ஒருவராலேயே இயலும். பெரிய செய்திகளை மட்டும் கேட்டுப் பழகியவர் கண்ணுக்கு அது புலப்பட்டிராது.

இக்காலத்தில் அதே வண்டியில் ஏறுவோர் பெரும்பாலும் கைப்பேசியை நோக்கித் தலை கவிழ்ந்திருக்கக் காண்கிறோம். கருவியைப் பழித்தல் முறையன்று. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனோடு மாம்பலத்திலிருந்தே முகம் பார்த்துப் பேசும் தாய்க்கு அன்னச் சேவலின் உதவி வேண்டுவதில்லை. அவளும் மகனும் அளவளாவுகின்றனர். ஆனால், நலமா என்று நூறு பேருக்கு ஒரே நொடியில் எழுதியனுப்பி, வந்த விடைகளைப் படியாமல் விடுவது, கேட்டல் என்னும் மறுபாதியை இழந்த செயலாகும். பக்கத்தில் நிற்பவர் ஒரு வாரமாக வரவில்லை என்பதும் அத்தகையவர்க்குத் தெரிவதில்லை.

வண்டித் தோழமைக்கு ஒரு குறை உண்டு: அது பருவச் சீட்டைப் போலவே முடிவுநாள் உடையது. ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவார். ஒருவர் வீடு மாற்றுவார். வண்டியின் நேரம் மாறினாலும் கூட்டம் கலைந்துவிடும். முகவரி வாங்கி வைத்துக்கொண்டோர் சிலர் திருமணங்களில் மீண்டும் கூடுவர். பலர் பிரிந்தவர் பிரிந்தவரே.

அந்த ஆசிரியரும் ஓய்வு பெற்றார். கடைசி நாளில் மற்ற மூவரும் அவருக்கு ஒரு மாலையும் குடையும் தந்தனர். வண்டியின் இரைச்சலில் அவர் நன்றியுரை யார் செவியிலும் சரியாக விழவில்லை. இரண்டு திங்கள் சென்றபின் ஒரு காலை, பல்லாவரத்தில் ஏறிய புத்தகம் கட்டுபவர், பழைய கதவருகே அவர் நிற்பதைக் கண்டு வியந்து, "எங்கே ஐயா பயணம்?" என்றார். "மாம்பலத்தில் சிறு வேலை" என்றார் ஆசிரியர். மாம்பலம் வந்தபோது அவர் எழுத்தரின் குழந்தையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார், இறங்கவில்லை. அவர் சட்டைப்பையில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போய்வரும் சீட்டு இருந்தது.