மறைவிடையும் உற்றது உரைத்தலும்

நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார். ‘பாடுவாயா?’ என வினவியவழிப் ‘பாடேன்’ என்பது மறைவிடை. ‘தொண்டை கட்டியது’ என்பது உற்றது உரைத்தல். இரண்டிலும் பாட்டு இல்லை. எனினும் முன்னது மறுப்பு; பின்னது இயலாமை. தேர்வுக்காக நம் மாணவர் மனனம் செய்யும் இப்பகுதி இன்று நியாயவிலைக் கடை வாயிலில் புதுப்பொருள் பெறுகிறது.

முத்திரையற்ற மடலை மன்னர்கள் ஏற்பதில்லை எனக் கேட்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரத்தில் முத்திரை பொறிக்கச் செய்தார்கள். இன்னார் என மெய்ப்பிக்கும் அம்முறையின் இன்றைய வடிவமே ஸ்மார்ட் கார்டு. சில்லு பதித்த அட்டையில் ஒரு மறைச்சாவி உறைகிறது. சர்வர் ஓர் எண்ணை அனுப்ப, அட்டை அச்சாவியால் அதற்கு ஒப்பமிட்டுத் திருப்புகிறது. சாவியோ வெளியே வருவதில்லை. அட்டையை வழங்கியவர் நம்பத்தக்கவரா, அதன் காலம் முடிந்ததா, அது நீக்கப்பட்டதா எனச் சர்வர் ஆராயும். கடிகாரப் பிழையாலும் வாயில் அடைபடுவதுண்டு. விண்டோஸ் பிணையத்தின் இயல்பமைப்பில் இரு கணினிகளின் நேரம் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் நல்ல அட்டையும் செல்லாது.

தமிழ்நாட்டில் 2017இல் வழங்கப்பெற்ற குடும்ப அட்டையையும் ஸ்மார்ட் கார்டு என்றே அழைக்கிறோம். அதில் சில்லு இல்லை, க்யூ.ஆர். குறியீடு மட்டுமே உண்டு. (பெயர் பெரிது, பொருள் சிறிது!) 2020 அக்டோபரில் கைரேகைச் சரிபார்ப்பு வந்தபின் சான்று அட்டையிலிருந்து விரலுக்கு மாறியது.

குரங்கணிச் சரிவுகளில் ஏலக்காய் பறிக்கும் பெண்டிரின் விரல்களை எண்ணிப் பாருங்கள். மண்ணிலும் ஈரத்திலும் தேய்ந்த நுனியில் ரேகை மங்கிவிடும். மலைமுகடு மறைக்கும் இடங்களில் அலைபேசிச் சமிக்ஞையும் தளரும. இவை வெவ்வேறு கோளாறுகள். ஆயினும் ‘பதியவில்லை’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் கூறி, அப்பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். மறுநாளும் அவர் இறங்கி வந்தால் இன்னொரு நாட்கூலியும் போயிற்று.

பிழையைப் பிரித்தறிதல் அரிதன்று. அதே கருவியில் அடுத்தவருக்குப் பதிந்தால் இணைப்பில் குறையில்லை. எவருக்குமே பதியவில்லையெனில் விரலைக் குறை கூறல் தகாது. ஆதார்ச் சரிபார்ப்பில் பிழைஎண் 300 வந்தால் ரேகை பொருந்தவில்லை என்பது பொருள். விரலைத் துடைத்து வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். எண் 330 எனில் உரியவரே தம் ரேகைப் பதிவைப் பூட்டி வைத்துள்ளார். எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை, பூட்டைத் திறத்தல் வேண்டும். இவையிரண்டும் சர்வர் தந்த விடைகள். எவ்வெண்ணும் வாராது கருவி காத்திருந்தே ஓய்ந்தால் அது விடையே அன்று. கேள்வி போய்ச் சேரவில்லை. அதனை மறைவிடையாகக் கொள்வதே நாம் செய்யும் பெரும்பிழை என்பது என் கருத்து.

2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய ஆதார்த் தீர்ப்பு, சரிபார்ப்புத் தவறியது என்னும் காரணத்தால் தகுதியுடையார் எவருக்கும் பயன் மறுக்கப்படாது என்னும் அரசின் உறுதியைப் பதிவு செய்துள்ளது. பதிவு பெற்ற அலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் ஒரு மாற்றுவழி.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், வரிசையில் நிற்கும் மூதாட்டிக்காகத் திரையில் தோன்றும் எண்ணைப் படித்துச் சொல்லலாம். தேவையெனில் 1967 என்னும் உதவி எண்ணை அழைத்து அதனையே தெரிவிக்கலாம்.