கொலஸ்ட்ரால் மாத்திரையும் சர்க்கரை அளவும்

"கொழுப்பு மாத்திரை போட்டா சுகர் ஏறுமாம்ங்க" என்ற பேச்சு கோவை மருந்துக் கடைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. முழுப் பொய் என்று தள்ள முடியாது. அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் மாத்திரைகள் ரத்தச் சர்க்கரையைச் சற்றே கூட்டலாம் என்ற குறிப்பை மருந்து லேபிளில், 2012-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சேர்க்கச் சொல்லிவிட்டது.

ஆனால் எவ்வளவு? ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.1 சதவீதப் புள்ளி அளவில்தான் கூடுகிறது. டோஸ் கூடினால் இதுவும் கொஞ்சம் கூடும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 130-லிருந்து 190-க்குத் தாவினால் மாத்திரையைத் திட்டாதீர்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்ட ஒப்புட்டையும், "நாட்டுச் சர்க்கரைதானே" என்று காபியில் போட்ட இரண்டு கரண்டியையும் முதலில் விசாரியுங்கள். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்!

மாத்திரை தொடங்கும் முன்பும், மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி பார்த்து, இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள். அட்டையில் 10, 20, 40 என்று அச்சிட்டிருப்பது மில்லிகிராம். கடையில் வேறு பிராண்ட் கொடுத்தால், மருந்தின் பெயரோடு அந்த எண்ணையும் ஒப்பிடுங்கள். காரணமில்லாத கடும் தசைவலி, சிறுநீர் கருஞ்சிவப்பாதல் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதைக் குறைக்கத்தான் இந்த மாத்திரை. டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.